பூமியில் புதைக்கும் உஷ்ணம்

சென்ற 2025-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில், பூமியின் உள் உஷ்ணத்தைப் பயன்படுத்துவது பற்றி இந்திய சர்க்கார் ஒரு தேசியக் கொள்கையை வெளியிட்டார்கள். லடாக்கிலுள்ள பூகா பள்ளத்தாக்கு போன்ற வெந்நீர் ஊற்றுகளிலிருந்து மின்சாரம் எடுப்பதே அதில் பலருடைய கண்ணைக் கவர்ந்த விஷயம். ஆனால் அதே கொள்கையில், வெந்நீர் ஊற்று ஏதுமில்லாத சாதாரண நிலத்திலும் பயன்படக்கூடிய ஒரு முறை இடம்பெற்றிருக்கிறது. நிலத்தில் துளையிட்டு, குழாய்களை இறக்கி, அவற்றில் நீரைச் சுற்றவிட்டு, கட்டடத்தின் உஷ்ணத்தைப் பூமியில் விடுவதும், வேண்டும்போது பூமியின் உஷ்ணத்தைக் கட்டடத்துக்கு ஏற்றுவதுமே அம்முறை. இவ்வேலையைச் செய்யும் யந்திரத்தை ஹீட் பம்ப் என்கிறார்கள். நாம் அதை உஷ்ணப் பம்பு என்றே அழைப்போம்.

இந்த யோசனை புதிதல்ல. கெல்வின் பிரபு 1852-லேயே உஷ்ணத்தைத் தாழ்ந்த இடத்திலிருந்து உயர்ந்த இடத்துக்கு ஏற்றும் யந்திரத்தைப் பற்றி எழுதினார். பூமியையே அதற்கு உஷ்ணக் களஞ்சியமாகக் கொள்ளலாமென்று ஸ்விட்ஜர்லாந்தின் ஹைன்ரிச் ட்ஸோலி 1912-இல் காப்புரிமை பெற்றார். இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் லக்ஷக்கணக்கான வீடுகள் இம்முறையால் குளிர்காலத்தில் சூடேற்றப்படுகின்றன. இனி இது நம் நாட்டிலும், முக்கியமாகத் தொழிற்சாலைகள் நெருங்கி நிற்கும் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்திலும் விலை பேசப்படும் என்பதில் சந்தேகமில்லை. வரும்போது அதனுடன் ஐரோப்பியக் கணக்குப் புத்தகமும் வரும். யந்திரத்தை வரவேற்கலாம், அந்தக் கணக்குப் புத்தகத்தை வாசலிலேயே நிறுத்த வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

காரணத்தைச் சொல்லுகிறோம். கிணற்று நீர் சித்திரையில் குளிர்ந்தும் மார்கழியில் வெதுவெதுப்பாகவும் இருப்பதை நம் கிராமத்தார் யாவரும் அறிவார்கள். நீர் மாறவில்லை, மேலேயுள்ள காற்றுதான் மாறுகிறது. சுமார் பத்து மீட்டருக்குக் கீழே சென்றால் கோடையும் குளிரும் ஒன்றே. அவ்வாழத்தில் பூமியின் உஷ்ணம், அந்த ஊரின் வருஷச் சராசரி உஷ்ணத்துக்கு ஏறக்குறைய சமமாக நிற்கிறது. வட ஐரோப்பாவில் அந்தச் சராசரி 8 முதல் 12 டிகிரி. அங்கே பூமியில் ஓடிவந்த நீரைத் தரையடியிலுள்ள குழாய்களில் விட்டாலே, யந்திரத்தின் உதவியில்லாமல், கோடையில் வீடு குளிர்ந்துவிடும். சென்னைச் சீமையிலோ அந்தச் சராசரி 28, 29 டிகிரி. அந்த நீர் எந்த அறையையும் தானாகக் குளிர்விக்காது; நம் கடற்கரைக் காற்றிலுள்ள ஈரத்தையும் வாங்காது. இங்கே பூமி நமக்குக் குளிர்ச்சி தரும் பாத்திரமல்ல. யந்திரம் கக்கும் உஷ்ணத்தைக் கொட்டும் பாத்திரம் மட்டுமே.

அப்படியாயினும் அதில் லாபமில்லாமற் போகவில்லை. 2003 மே மாத இறுதியில் சென்னையில் வெயில் 45 டிகிரியை எட்டியது. ஒவ்வொரு கோடையிலும் 40 டிகிரி என்பது நமக்கு அதிசயமன்று. தமிழ்நாட்டு சர்க்கார் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்தார்கள். அத்தகைய நாளில், 40 டிகிரிக் காற்றில் உஷ்ணத்தைத் தள்ளும் யந்திரம் அதிகமாக உழைக்கிறது. 29 டிகிரிப் பூமியில் தள்ளும் யந்திரம் குறைவாக உழைக்கிறது. உஷ்ணத்தை விடுமிடம் ஒரு டிகிரி தாழ்ந்தால் மின்சாரச் செலவு நூற்றுக்கு இரண்டு, மூன்று வீதம் குறையும் என்பது இன்ஜினியர்கள் கைக்கொள்ளும் கணக்கு. பத்து டிகிரி தாழ்ந்தால் கால் பங்கு செலவு மிஞ்சும்.

இனி நீர்க் கணக்கைப் பார்ப்போம். பெரிய தொழிற்சாலைகள் பெரும்பாலும் காற்றில் நேராக உஷ்ணத்தை விடுவதில்லை. குளிர்விப்புக் கோபுரத்தில் நீரை ஆவியாக்கி விடுகின்றன. ஒரு டன் குளிர்ச்சிக்கு மணிக்கு ஏறக்குறைய ஆறரை லிட்டர் நீர் ஆவியாகிறது. ஆயிரம் டன் யந்திரம் வருஷத்தில் 3,000 மணி நேரம் முழுச்சுமையில் ஓடுவதாக வைத்துக்கொண்டால், சுமார் 2 கோடி லிட்டர் நீர் ஆகாயத்துக்குப் போகிறது. செம்பரம்பாக்கம் ஏரி இவ்வட்டாரத்தின் வாசலில் இருக்கிறது. அது சென்னைக்குக் குடிநீர் கொடுக்கிறது. 2015 டிசம்பரில் அது நிரம்பித் திறக்கப்பட்டபோது அடையாற்றங்கரை மூழ்கியதையும், 2019 ஜூனில் அது வறண்டு வெடித்துக் கிடந்ததையும் நாம் மறக்கவில்லை. ஒரு சொட்டு நீரையும் ஆவியாக்காமல் உஷ்ணத்தைப் போக்கும் வழி உண்டென்றால், அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டியது நம் கடமை.

இதற்கு ஒரு ஆக்ஷேபம் கூறப்படலாம். கோயம்பேட்டில் நகரத்தின் கழிவுநீரைச் சுத்தி செய்து, நாளொன்றுக்கு நாலரைக் கோடி லிட்டர் வரை இந்தத் தொழிற்பேட்டைகளுக்கு அனுப்ப ஏற்பாடு இருக்கிறதே. ஏரித் தண்ணீரை யார் தொடுகிறார்கள் என்று கேட்பார்கள். ஏற்பாடு நல்லதே. ஆனால் அந்த நீரைச் சுத்தி செய்வதற்கும் குழாயில் தள்ளுவதற்கும் மின்சாரம் செலவாகிறது. அவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த நீரை ஆவியாக்குவதைவிட, குடிநீருக்கு நிகராக இன்று செலவாகும் வேறு காரியங்களுக்கு விடுவதே சிக்கனம்.

இவ்வளவும் கேட்ட பிறகு, தொழிற்சாலைகள் யாவும் பூமியைத் துளைக்கட்டும் என்று அவசரப்பட்டுச் சொல்லத் தோன்றும். இங்கேதான் கணக்கு வேண்டும்.

மேற்சொன்ன ஆயிரம் டன் யந்திரம், தன் சொந்த உழைப்பின் சூட்டையும் சேர்த்து, 4,400 கிலோவாட் உஷ்ணத்தை வெளியே தள்ளும். துளையின் ஒரு மீட்டர் நீளம் சுமார் 40 வாட் வாங்கும் என்று தாராளமாக வைத்தால், 110 மீட்டர் ஆழமுள்ள துளைகள் ஆயிரம் வேண்டும். ஒன்றுக்கொன்று 6 மீட்டர் இடைவெளி விட்டால் ஏறக்குறைய ஒன்பது ஏக்கர் நிலம் பிடிக்கும். நிலம் கிடைத்ததென்றே வைத்துக்கொள்வோம். அந்த ஒன்பது ஏக்கரில், 110 மீட்டர் ஆழம் வரையுள்ள மண்ணும் பாறையும் சேர்ந்து 40 லக்ஷம் கன மீட்டர் ஆகும். அதை ஒரு டிகிரி சூடேற்ற எவ்வளவு உஷ்ணம் வேண்டுமோ, அதைப்போல் ஐந்து மடங்கு உஷ்ணத்தை அந்த யந்திரம் ஒரே வருஷத்தில் கொட்டிவிடுகிறது. ஓரங்களில் சிறிது கசிந்து போகும். நடுவில் உள்ளது போகாது. அதாவது பூமி வருஷத்துக்கு ஐந்து டிகிரி வீதம் கொதிப்பேறும். 29 டிகிரியில் தொடங்கிய பூமி இரண்டாம் வருஷக் கடைசியில் சித்திரை வெயிலுக்குச் சமமாகி நிற்கும். மூன்றாம் வருஷத்தில் அது காற்றைவிடக் கேடான பாத்திரம். அப்போது துளைக்குப் போட்ட பணம் துளைக்குள்ளேயே போயிற்று.

குளிர் நாட்டில் இந்த ஆபத்து ஏன் இல்லை? அங்கே கோடையில் பூமியில் விட்ட உஷ்ணத்தைக் குளிர்காலத்தில் திரும்ப எடுத்துவிடுகிறார்கள். பூமி அவர்களுக்குப் போட்டு எடுக்கும் பாங்கி. நமக்கோ போடுவது மட்டும் உண்டு, எடுப்பதில்லை. அமெரிக்காவில் கூட இந்தப் பாடத்தைக் கற்றிருக்கிறார்கள். நியூ ஜெர்ஸியிலுள்ள ஸ்டாக்டன் கல்லூரியில் 1990-களில் 425 அடி ஆழமுள்ள நானூறு துளைகள் போட்டார்கள். அந்தக் குளிர் பிரதேசத்திலேயே, கட்டடங்களுக்குச் சூட்டைவிடக் குளிர்ச்சி அதிகம் தேவைப்பட்டதால், வருஷங்கள் செல்லச் செல்லப் பூமி சூடேறியது. பனி பெய்யும் நாட்டிலேயே இக்கதி என்றால், பனியே காணாத ஒரகடத்தில் என்ன ஆகும்?

ஆகவே, நம் நாட்டில் இந்த முறையை வகுப்பவன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “எத்தனை துளை?” என்பதன்று, “இந்த உஷ்ணம் யாருக்கு வேண்டும்?” என்பதே. வேண்டியவன் பக்கத்துக் கூடத்திலேயே இருக்கிறான். கார்த் தொழிற்சாலையின் வர்ணக்கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியின் உடலை எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவும் தொட்டிகள் 45 முதல் 60 டிகிரிச் சூட்டில் இருக்க வேண்டும். அடுத்து, மின்சாரத்தால் முதற்பூச்சு ஏற்றும் தொட்டியோ 30 டிகிரி அளவிலேயே நிற்க வேண்டும். அதை ஓயாமல் குளிர்விக்க வேண்டும். ஒரே வரிசையில், சில கஜ தூரத்தில், ஒரு தொட்டியின் உஷ்ணத்தைக் கோபுரத்தில் ஏற்றி ஆகாயத்தில் விடுகிறோம். மறு தொட்டிக்கு எரிவாயு எரித்து உஷ்ணம் உண்டாக்குகிறோம். ஒரு வீட்டில் இந்த அறையில் அரிசியைக் கொட்டிவிட்டு அந்த அறைக்குக் கடனுக்கு அரிசி வாங்கினால் அவ்வீட்டுக்காரனை என்னவென்று சொல்லுவோம்? இவ்விரண்டு தொட்டிகளுக்கும் நடுவில் ஓர் உஷ்ணப் பம்பை வைத்தால், ஒரே மின்சாரத்தில் இரண்டு காரியமும் நடக்கும். இதற்குத் துளையே வேண்டியதில்லை.

இவ்வாறு கொடுக்கல் வாங்கலை முதலில் கட்டடத்துக்குள்ளேயே தீர்த்துக்கொண்டு, மிஞ்சும் சிறு பாக்கியை மட்டும் பூமியின் கணக்கில் எழுதலாம். அதற்கும் மேல் வந்தால் கோபுரம் இருக்கிறது. மழை நாளிலும் இரவிலும் அது பூமியைக் குளிரவைத்துக் கொடுக்கும். உள்ளே தீர்ப்பது முதல், பூமி இரண்டாவது, கோபுரம் மூன்றாவது: நம் சீதோஷ்ணத்துக்கு ஏற்ற வரிசை இதுவே.

இந்த முறை நன்றாகப் பொருந்தும் இடம் எது என்று கேட்டால், தொழிலாளர் விடுதிகள் என்று தயங்காமல் சொல்லுவோம். 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாட்டில் விஷமேறிப் பல பெண் தொழிலாளர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததையும், மற்றவர்கள் சென்னை–பெங்களூர் சாலையை மறித்து அமர்ந்ததையும் தேசம் முழுவதும் பார்த்தது. அதன் பின்னரே விடுதி என்பது முதலாளியின் தர்மமன்று, தொழிலின் ஓர் அங்கம் என்பது பலருக்கு விளங்கிற்று. 2024 ஆகஸ்டில் வல்லம்–வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியை சிப்காட் 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுத் திறந்தது. இன்னும் பல விடுதிகள் எழும். அந்த அளவுள்ள விடுதியில், ஆளுக்கு நாளொன்றுக்கு 20 லிட்டர் வெந்நீர் 45 டிகிரியில் கொடுக்க வேண்டுமானால், சாதாரண மின்சார ஹீட்டருக்குச் சுமார் 7,400 யூனிட் வேண்டும். உஷ்ணப் பம்பு அதே வேலையைக் கால் பங்கு மின்சாரத்தில் முடிக்கும். அத்துடன் நில்லாமல் 1,600 டன்-மணி குளிர்ச்சியையும் இனாமாகக் கொடுக்கும். இரவு முழுவதும் யந்திரத்தின் முன் நின்று, வேலை முடிந்து பகலில் தூங்க வரும் பெண்ணுக்கு அந்தக் குளிர்ச்சி ஆடம்பரமன்று. தூக்கமில்லாத கை யந்திரத்தில் நசுங்கும்.

இவ்விடத்தில் மனம் வருந்திச் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இவ்வட்டாரத்தில் செல்போன் சாமான்கள் சேர்க்கும் கூடங்கள் குளிரூட்டப்பட்டிருக்கின்றன. சாமான் கெட்டுவிடும் என்பதற்காக. வர்ணம் வறண்டுவிடும் என்பதற்காக வர்ணக்கூடத்தின் காற்று அளவிடப்படுகிறது. மனிதன் வாடிவிடுவான் என்பதற்காக எந்தக் கூடம் அளவிடப்படுகிறது? உஷ்ணத்தைச் சிக்கனமாகப் போக்கும் வழியை நாம் கேட்பது முதலாளியின் மின்சாரக் கட்டணம் குறைவதற்காக மட்டுமன்று. மிஞ்சும் பணத்தில் ஒரு பங்கு, கூரைத் தகட்டின் கீழ் நிற்பவனுக்கும் வர வேண்டும் என்பதற்காக.

இனிப் பூமியைப் பற்றிச் சிறிது. எல்லா மண்ணும் உஷ்ணத்தை ஒரேவிதமாக வாங்காது. ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றியுள்ள களிப்பாறையும் மணற்பாறையும் கலந்த புராதனப் படிவங்களுக்குப் பூகர்ப்ப சாஸ்திரிகள் இவ்வூரின் பெயரையே இட்டிருக்கிறார்கள். சற்றுக் கிழக்கே பல்லாவரம் போனால் சார்னோகைட் என்னும் கெட்டிப் பாறை. கெட்டிப் பாறை உஷ்ணத்தைக் கடத்துவதில் பாதி கூட உலர்ந்த களி கடத்தாது. ஈரமுள்ள மணல் நன்றாகக் கடத்தும். கோடையில் நீர்மட்டம் இறங்கி அது காய்ந்துவிட்டால் கடத்தாது. ஆதலால் துளைக்கும் குழாய்க்கும் இடையிலுள்ள சந்தை மண்ணள்ளிப் போட்டு மூடாமல், பெண்டோனைட் களியும் மணலும் கலந்த சாந்தால் அடியிலிருந்து அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால், மேலே அழுக்கேறிய நீர் கீழே நல்ல நீருடன் கலப்பதற்கும் அத்துளையே வழியாகும். இவற்றையெல்லாம் புத்தகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு துளையிட்டு, இரண்டு மூன்று நாள் அளந்த உஷ்ணத்தை அதில் செலுத்தி, நீர் எவ்வளவு சூடேறுகிறது என்று பார்த்தால், மண் தன் குணத்தைத் தானே சொல்லும்.

சட்டத்திலும் இடைவெளி இருக்கிறது. சென்னைப் பெருநகர நிலத்தடி நீர்ச் சட்டம் 1987-இல் வந்தது. அது நீரை எடுப்பதைக் கட்டுப்படுத்துவதற்காக ஏற்பட்டது. மாநிலம் முழுவதற்குமென்று 2003-இல் இயற்றிய சட்டம் 2013-இல் ரத்தாயிற்று. 1882-ஆம் வருஷத்து ஈஸ்மெண்ட் சட்டமோ, தன் நிலத்தடியிலுள்ள நீரைச் சொந்தக்காரன் எடுத்துக்கொள்ளும் உரிமையை ஒப்புக்கொள்கிறது. நீரை எடுக்காமல் உஷ்ணத்தை மட்டும் இறக்குபவனை இவை எண்ணிப் பார்க்கவில்லை. உஷ்ணத்துக்கு வேலி கிடையாது. இன்று ஒருவன் பேட்டையில் இறக்கியது நாளை அடுத்தவன் எல்லைக்குப் போகும். முதலாளியும் நிலைத்திருப்பவனல்ல. நோக்கியா 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை திறந்தது. 2014-இல் உற்பத்தியை நிறுத்தியது. தொழிற்சாலை போனாலும் மண் இங்கேயே இருக்கும். அதில் புதைத்த உஷ்ணமும் இருக்கும்.

நாம் என்ன செய்ய வேண்டும்? முதலாவது, இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், வல்லம்–வடகால், ஒரகடம் ஆகிய பேட்டைகள் ஒவ்வொன்றிலும் சிப்காட் தன் செலவில் மண் பரீட்சை செய்து, முடிவைத் தமிழில் பகிரங்கப்படுத்த வேண்டும். இரண்டாவது, ஒரு வருஷத்தில் பூமியில் இறக்கும் உஷ்ணத்துக்கும் எடுக்கும் உஷ்ணத்துக்கும் கணக்குக் காட்டாத எவருக்கும் துளையிட அனுமதி கூடாது. எல்லையோரத்தில் பூமியின் உஷ்ணத்தை அளந்து வருஷந்தோறும் எழுதி வைக்க வேண்டும். மூன்றாவது, இனிக் கட்டும் தொழிலாளர் விடுதிகளில் ஒன்றிலாவது இம்முறையை அமைத்து, ஐந்து வருஷம் அளந்து பார்க்க வேண்டும். நான்காவது, அண்ணா சர்வகலாசாலையும் சென்னை ஐ.ஐ.டி.யும் நம் மண்ணுக்கும் நம் வெயிலுக்கும் ஏற்ற கணக்கு முறையை வகுத்து, பாலிடெக்னிக் மாணவனும் கையாளும்படி எழுதித்தர வேண்டும்.

இதற்கு வெளியிலிருந்து வர வேண்டியது அதிகமில்லை. இந்தியாவின் மூலை முடுக்கெல்லாம் துளைபோடுபவை திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள். பம்பு செய்வதில் கோயம்புத்தூருக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. துளை நம்முடையது, பம்பு நம்முடையது, மண் நம்முடையது. கணக்கு மட்டும் ஏன் இரவலாக இருக்க வேண்டும்? ஒரு காலத்தில் சென்னைக்குக் குளிர்ச்சியே அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது. பாஸ்டன் வியாபாரி டூடர் அனுப்பிய பனிக்கட்டியைச் சேமித்த ஐஸ் ஹவுஸ் இன்றும் கடற்கரையில் நிற்கிறது. 1897-இல் விவேகானந்தர் தங்கியது அங்கேதான். பனிக்கட்டியைக் கப்பலில் வாங்கிய நிலை மாறிற்று. அறிவைக் கப்பலில் வாங்கும் நிலையும் மாற வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூர் இராமானுஜர் அவதரித்த ஊர். குருவிடம் ரகசியமாகப் பெற்ற மந்திரத்தைத் திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தில் ஏறி நின்று ஊரறியச் சொன்னவர் அவர் என்று நம் முன்னோர் போற்றுகிறார்கள். அவருடைய ஊரின் மண்ணைத் துளைத்து அறிந்த விஷயம் சில கம்பெனிகளின் பெட்டியில் பூட்டிக் கிடப்பது தகாது. மண்ணை அளக்கட்டும், அளந்ததை யாவரும் அறியச் சொல்லட்டும், அதன் பிறகு துளையிடட்டும். இவ்வட்டாரத்துத் தொழிற்சங்கங்களும் ஊராட்சி மன்றங்களும் இப்போதே இதைக் கேட்கத் தொடங்க வேண்டும். முதல் துளை இறங்கிய பிறகு கேட்பதில் பயனில்லை.